அடுப்படியில் முளைத்த மிளகாய்

2022ஆம் ஆண்டை மலைநாட்டில் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டியது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தில் அரிசியும் கோதுமை மாவும் வாங்கிய பின்னர், செத்தல் மிளகாய்க்கு எஞ்சுவது என்ன? என் தாயாரோ முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். ரொட்டிக்குச் சம்பல் இல்லையெனில் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

ஆகவே, அட்டனுக்கு அருகே எங்கள் லயத்தின் பின்புறத்துச் சிறு துண்டு நிலத்தில் மிளகாய் பயிரிடத் துணிந்தேன். வீட்டிலிருந்த செத்தல் மிளகாயை உடைத்து விதைகளைத் தூவினேன். மூன்று வாரம் சென்றும் ஒன்றேனும் முளைக்கவில்லை. விதையைக் குறை கூறினேன். மண்ணைக் குறை கூறினேன். தாயார் மாத்திரம், “நமக்கே கம்பளி வேண்டியிருக்கிறது, தம்பி. விதைக்கு யார் போர்த்தி விட்டார்கள்?” என்றார்.

பெரிய உண்மை அது. மிளகாய் வெப்ப நாட்டுப் பயிர். விதை செவ்வையாக முளைக்க மண்ணில் 25 முதல் 30 பாகை சென்டிகிரேட் சூடு வேண்டும். அட்டனோ 4,000 அடிக்கு மேல்; நுவரெலியா 6,000 அடிக்கும் மேல். அங்கே சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். கிளிநொச்சியிலே பத்து நாளில் எழும் விதை, நம் குளிரில் உறங்கும். உறக்கத்திலேயே அழுகியும் போகும்.

மறுமுறை விதைகளை இளஞ்சூட்டு நீரில் ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைத்தோம். கை வைத்தால் இதமாக இருக்கும் தூரம். அதற்கு மேல் நெருங்கலாகாது. எட்டாம் நாள் வெண்ணிற முளைகள் எட்டிப் பார்த்தன.

என் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பாத்தியில் இட்ட கன்றுகளிற் பாதி, ஒரு காலையில் அடித்தண்டு நூலாய் மெலிந்து மண்ணில் சாய்ந்து கிடந்தன. காலையும் மாலையும் நீரூற்றிச் சீராட்டிய என் கையே அவற்றுக்கு யமனாயிற்று! இது நாற்றழுகல் நோய். மண்ணிலுள்ள பூஞ்சணத்தின் வேலை. ஈரமும் நெருக்கமும் அதற்கு விருந்து. சாய்ந்த கன்றை நிமிர்த்த மருந்து கிடையாது. கீழ்நாட்டு விவசாயிகள் விதைக்குமுன் பாத்தியின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பர். நமக்கு வைக்கோல் ஏது? காய்ந்த கவ்வாத்து மிலாறை எரித்தோம். சூடு நன்கு ஆறியபின், ஐதாக வரிசையிட்டு மீண்டும் விதைத்தோம். மேல்மண் உலர்ந்தாலன்றி நீர் இல்லை. அதுவும் காலையில் மட்டும்.

பின்னர் இலைகள் சுருண்டன. அடிப்புறத்தைத் திருப்பினால் பனிப்பூச்சிகள். சவர்க்கார நீரால் கழுவிக் கழுவியே ஒருவாறு அடக்கினோம்.

தை மாதம் பூத்தது. பூத்த வேகத்திலேயே உதிர்ந்தது. எருவைக் கூட்டினேன். இலைதான் தழைத்தது. இரவுக் குளிர் கடுமையானால் மிளகாய்ப் பூ நிற்காது என்பதைப் பின்னரே அறிந்தேன். அதற்கு நாம் செய்யக்கூடியது பொறுத்திருப்பது ஒன்றே. பங்குனியில் இரவுகள் சற்று இளகின, பிஞ்சுகளும் நின்றன.

முதற் பறிப்பில் கிடைத்தவை பதினொரு காய்கள். தாயார் பத்தை உப்போடு இடித்தார். அன்று அவர் மூன்று ரொட்டி உண்டதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மீதி ஒன்றை என்ன செய்வதென்று கேட்டேன். “இது காய்; விதைக்கு ஆகாது. செடியில் ஒன்றைப் பழுக்க விட்டிருக்கிறேன், அதைத் தொட்டுவிடாதே” என்று சொல்லி, அந்தப் பதினொன்றாவதையும் அம்மியில் போட்டார்.