சில்லின் மேல் ஒரு வீடு

பதுளைக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். 10 அடிக்கு 12 அடி அறை. அதனுள்ளே நாங்கள் எழுவர். அறுபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் என் தந்தையார் அதனை ஒருநாளேனும் 'வீடு' என்று சொன்னதில்லை. 'காம்பரா' என்றே சொல்வார். தோட்டம் தந்ததைத் தோட்டம் கேட்கலாம் என்பது அவர் கணக்கு.

சென்ற ஆண்டு அவரையும் தாயாரையும் கதிர்காமத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்ல விரும்பினேன். கூட்டத்தில் தங்க இடம் கிடைப்பது அரிது. எனவே என் பழைய காரின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க படுக்கைப் பெட்டியொன்றைச் செய்யத் துணிந்தேன். 1930களில் அமெரிக்கர் பலர் இத்தகைய பெட்டிகளைத் தம் கையாலேயே செய்தனர் என்று படித்திருந்தேன்.

நீளம் 8 அடி. அகலம் 4 அடி. கோண இரும்பினால் சட்டம், பழைய காரொன்றின் அச்சும் இரு சில்லுகளும், மேலே தகரம். உட்புறத்துக்குத் தந்தையார் பரணிலிருந்து பலகைகளை இறக்கினார். அத்தனையும் தேயிலைப் பெட்டிப் பலகைகள்! தேயிலை காகிதப் பைகளுக்கு மாறுமுன், தொழிற்சாலையில் அப்பெட்டிகளுக்கு ஆணியடித்தவர் அவர். கை நடுங்கினாலும் ஆணி வளையவில்லை.

புறப்பட்டோம். எல்லையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வளைவுகளில் பெட்டி வாலாட்டத் தொடங்கியது. காரையே இழுத்துச் சாய்த்துவிடும் போலிருந்தது. நடுங்கிப்போய் ஓரமாக நிறுத்தினேன். தந்தையார் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பின்பாரம் ஏற்றிவிட்டாய், தம்பி! நுகத்தடி மேலே எழும்பினால் மாடு நடக்குமா?"

1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தபின், தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்குத் தேயிலை ஏற்றிய வண்டிக்காரர் என் பாட்டனார். அவரிடம் கற்ற பாடம் அது. அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கலன்களையும் நான் பின்புறத்தில் அடுக்கியிருந்தேன். அவற்றை அச்சுக்கு முன்னே மாற்றினோம், ஆட்டம் அடங்கிற்று. மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு காரின் கொளுவியில் அமர வேண்டும் என்பதைப் பின்னர் நூலில் படித்தேன். வண்டிக்காரர் அளவுகோலின்றியே அறிந்திருந்தார்!

அன்று மாலை மாணிக்க கங்கையில் நீராடித் திரும்பினோம். வழியிலே முதியவர் ஒருவர், "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று தந்தையாரைக் கேட்டார்.

தந்தையார் இடுப்பில் முடிந்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வீட்டிலே," என்றார்.