மத்தியானத் தண்ணீர்

கோவைப் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். சிறுவாணிக் குழாயில் வருவது நல்ல தண்ணி. போரிலிருந்து ஏறுவது சப்பத் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் முதலாவது. துவைக்க, கழுவ, குளிக்க இரண்டாவது. வாளியில் படியும் வெள்ளைக் காரையைச் சுரண்டுவது, நுரைக்காத துணிக்கு மறுபடி சோப்புப் போடுவது, சீப்போடு வரும் முடியை எண்ணிப் பார்ப்பது எல்லாம் இந்த இரண்டாம் தண்ணீர் பெண்களுக்குத் தரும் வேலைகள். எந்த வீட்டுக் கணக்கிலும் இவை ஏறுவதில்லை.

தண்ணீரைக் கடினமாக்குபவை கால்சியமும் மக்னீசியமும். சோப்பு முதலில் இவற்றோடு சேர்ந்து பிசுக்காகத் திரியும். இவை தீர்ந்த பிறகே நுரைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிளார்க் இதையே அளவுமுறையாக்கினார். குறித்த அளவு தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். எழுந்த நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்பதற்கு எவ்வளவு சோப்பு செலவானதோ, அதைக் கொண்டு கடினத்தைக் கணக்கிட்டார். துவைக்கிற கல்லின் முன் நிற்கும் பெண் தினமும் செய்வதும் இதைத்தான். கிளார்க்கின் பெயரில் ஓர் அலகு இருக்கிறது. துவைப்பவள் சொன்னால் அது புலம்பல்.

எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் வைத்து மூன்று வருடமாகிறது. அதன் உருளைக்குள் கடுகளவு ரெசின் மணிகள் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியே போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும், பக்கத்துத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசல் வந்து அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். இந்தக் கழுவல் நடக்கும் ஒன்றரை மணி நேரம் வீட்டுக் குழாய்களில் சுத்திகரிக்காத போர் தண்ணீரே வரும். அதனால்தான் யாரும் தண்ணீர் புழங்காத இரவு 2 மணிக்கு அதை வைத்திருப்பார்கள்.

போன வருடம் கோடை மழைக்குப் பிறகு, துவைக்க வரும் அக்கா சொன்னார்: “மூணு நாளைக்கு ஒருக்கா மத்தியானம் தண்ணி மாறிடுது கண்ணு. காலைல நல்லா நுரைக்குது, பன்னெண்டு மணிக்கு மேல சோப்பு கல்லு மாதிரி நிக்குது.”

பழுது பார்க்க ஆள் வந்தார். வாசலிலேயே, “சார் இருக்காருங்களா?” என்றார். அழைத்தது நான்தான் என்றேன். அக்கா சொன்னதை நாள், மணியோடு சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்து உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் முக்கினார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண். “ரெசின் போச்சுங்க மேடம், மாத்தணும். சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுவது. சாஃப்ட்னர் உப்பைக் குறைப்பதில்லை, ஒன்றை வாங்கி இன்னொன்றைத் தருகிறது. நன்றாக வேலை செய்யும் இயந்திரத்திலும் அந்த எண் இறங்காது. இதைச் சொன்னபோது, “மேடம் சயின்ஸ் டீச்சருங்களா?” என்றார். தமிழ் என்றேன். சிரித்தார். வந்து போனதற்கான கட்டணத்துக்கு ரசீது கிழித்துத் தந்தார்.

அவருக்குத் தேவைப்படாத அக்காவின் வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. ரெசின் கெட்டிருந்தால் தண்ணீர் எப்போதும் கடினமாக இருக்கும். சில நாள், சில மணி மட்டும் மாறுகிறதென்றால் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு மூடியைத் திறந்தேன். இயந்திரத்தின் திரையில் இரவு 1 மணி. மின்சாரம் போகும்போதெல்லாம் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும் கடிகாரம் அது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்திய ஒரு நாளும், மழைக்குப் போன சில்லறை நேரங்களும் சேர்ந்து பத்து மணி நேரம் பின்தங்கியிருந்தது. அதன் இரவு 2 மணி, எங்களுக்கு நடுப்பகல் 12. நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடும் அந்த நேரத்தில் தண்ணீரில் கை வைத்திருந்தவர் அக்கா மட்டுமே. பொத்தானை அழுத்தி மணியைத் திருத்த ஒரு நிமிடம் ஆனது.

பிறகு சொட்டு மருந்துக் குப்பி போலிருக்கும் கடினச் சோதனைக் குப்பி ஒன்று வாங்கினேன். தண்ணீரில் நிறங்காட்டியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நீலமாகத் திரும்பும். என்னிடமுள்ள குப்பியில் சொட்டுக்கு, லிட்டருக்கு 25 மில்லிகிராம் கணக்கு. எங்கள் போருக்கு ஜனவரியில் 16 சொட்டு, அதாவது 400. மே மாதம் 22 சொட்டு, 550. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்பது 200. வேறு வழியில்லாதபோது 600 வரை. கோடையிலும் இயந்திரத்தில் 400 என்றே விட்டுவைத்தால், ரெசின் தீர்ந்த பிறகும் தீரவில்லை என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். நான்கு நாளில் கடைசி ஒரு நாள் கடினத் தண்ணீர் வரும். இப்போது போர் தண்ணீரை மாதம் ஒருமுறை சோதித்து எண்ணை மாற்றுகிறேன். மின்சாரம் போய் வந்தால் மணியைப் பார்ப்பது மகனின் வேலை. 25 கிலோ உப்பு மூட்டையைத் தூக்குவது கணவரின் வேலை.

அக்கா எங்கள் வீட்டோடு இன்னும் இரண்டு வீடுகளில் துவைக்கிறார். அங்கே சாஃப்ட்னர் கிடையாது. விரலிடுக்கு வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் தூங்குவார். நான் சொட்டு எண்ணுவதை இரண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர், ஒரு நாள் குப்பியை இரவல் கேட்டார். மறுநாள் திருப்பித் தந்தபோது இரண்டு எண்கள் சொன்னார்: 26, 31.

“ரெண்டு வீட்லயும் சொல்லிட்டேன். இந்தத் தண்ணில துவைக்கணும்னா மாசம் இருநூறு சேர்த்துக் குடுங்கன்னு.”

என்ன சொன்னார்கள் என்றேன்.

“ஒரு வீட்ல சரின்னுட்டாங்க. இன்னொரு வீட்ல, சார் வரட்டும், கேட்டுச் சொல்றேங்கறாங்க.”