தோல் நோயும் வீட்டாரும்

கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு உலகம் இரங்குகின்றது. கண்ணுக்குத் தெரியும் நோய்க்கோ அஞ்சுகின்றது. நீரிழிவு உடையவர் பந்தியின் நடுவே அமர்ந்து உண்ணலாம். முழங்கையில் நான்கு விரற்கடை அகலத்துக்கு வெண்செதில் படர்ந்தவரோ நீண்ட கைச்சட்டை அணிந்து மூலையில் ஒதுங்க நேரிடுகின்றது. காளாஞ்சகப்படை என்று நாட்டு வைத்தியரும் சொரியாசிஸ் என்று மேல்நாட்டு வைத்தியரும் கூறும் நோயோடு இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டில் தோல் நோயாளர் இருவர். தம்பியின் மகளுக்குக் கைக்குழந்தைப் பருவம் முதலே எக்சிமா என்னும் கரப்பான் உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் பலர். ஆனால் இரண்டும் வேறு. அவளுக்கு முழங்கையின் உள்மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் சிவந்து வெடித்து, இரவெல்லாம் ஓயாத கடி. எனக்கோ முழங்கையின் வெளிப்புறத்திலும் முழங்காலின் முன்புறத்திலும் தலையிலும் தடித்த திட்டுகள் எழுந்து செதில் செதிலாக உதிரும்.

காரணங்களும் வேறானவை. தோலின் மேற்படை செங்கல் அடுக்கிய சுவர் போன்றது. கரப்பான் உடையவரிடம் அச்சுவரின் சாந்து பலவீனமாயிருப்பதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள தூசியும் சவர்க்காரமும் உட்புகும். பிலாகிரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் உள்ள குறை இதற்கு ஒரு முக்கிய காரணம் என 2006 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சொரியாசிஸ் நோயிலோ உடலின் காவல் ஏற்பாடே நிலைதடுமாறித் தோலை விரைந்து வளரத் தூண்டுகின்றது. ஏறத்தாழ 28 நாள்களில் மெல்ல மேலெழுந்து உதிரவேண்டிய தோற்கலங்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள்ளேயே மேலே வந்து குவிகின்றன.

இவ்விரு நோய்களும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவன அல்ல. இருந்தும் அச்சம் நீங்கவில்லை. அதன் வேர் மிகப் பழையது. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் சொரியாசிஸைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பினர். வியன்னா நகரத்து மருத்துவர் பெர்டினண்ட் ஹெப்ரா 1841 ஆம் ஆண்டில் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோயாளரை ஊரிலிருந்து விலக்கிவைக்க 1708 ஆம் ஆண்டிலேயே ஹெந்தளையில் ஒல்லாந்தர் மருத்துவமனை அமைத்த நாடு நமது நாடு. அந்தத் தொழுநோயே இன்று மருந்தினால் முற்றாக மாறுகின்றது. அதன் பெயரால் எழுந்த கூச்சம் மட்டும் மாறவில்லை.

இனி, நாள்தோறும் செய்யத்தக்கவற்றைக் கூறுவேன். முதலாவது குளிப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதே நமது கிணற்று நீரின் கடினத்தைக் காட்டும். இந்நீரில் சவர்க்காரம் நன்கு நுரைப்பதுமில்லை. அதன் எச்சம் எளிதில் கழுவுப்படுவதுமில்லை. ஆகவே மணம் சேராத மென்மையான சவர்க்காரத்தை வேண்டிய இடங்களுக்கு மட்டும் இடுதல் நன்று. சுடுநீர் ஆகாது, பத்து நிமிடக் குளிப்பே போதும். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், வாசலீனோ வைத்தியர் கூறிய களிம்போ பூசுதல் வேண்டும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெயும் இகழத்தக்கதன்று. கரப்பான் உடைய பிள்ளைகளுக்குத் தூய தேங்காயெண்ணெய் நற்பயன் தந்ததாகப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்று 2014 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

இரண்டாவது, சொறியாதிருத்தல். சொல்வது எளிது, அரிது செய்தல். மருமகளின் நகங்களை ஒட்ட வெட்டுகின்றோம். கடி எழும்போது குளிர்ந்த ஈரத்துணியை அவ்விடத்தில் சற்று நேரம் வைக்கின்றோம். பருத்தி உடையே அணிவாள். அதையும் சவர்க்காரத்தூள் போக ஒருமுறை கூடுதலாக அலசுவோம். சொரியாசிஸ் உடையவர்க்கும் இது பொருந்தும். காயம்பட்ட இடத்தில் புதிய திட்டு எழக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 1872 ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார்.

மூன்றாவது உணவு. தோலில் ஒரு தடிப்புத் தோன்றியதும் கத்தரிக்காய், இறால், நண்டு, கருவாடு யாவற்றையும் கிரந்தி என விலக்குவது நம்மூர் வழக்கம். சிலருக்குச் சில உணவு ஒவ்வாமை தருவது உண்மை. அதை வைத்தியரைக் கொண்டு அறிதல் வேண்டும். வெறும் ஐயத்தினால் வளரும் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் மீனும் மறுத்தால், நோய் போகாது, பிள்ளையே மெலிந்துபோகும். சொரியாசிஸுக்குப் புகையும் மதுவும் மிகுந்த உடற்பருமனுமே பகைவர். மாலைதோறும் நடந்து எட்டுக் கிலோ எடை குறைத்த ஆண்டில் என் திட்டுகள் வெகுவாக மெலிந்தன. இளங்காலை வெயிலும் அளவோடு எனக்கு உதவுகின்றது; மருமகளுக்கோ வெப்பமும் வியர்வையும் கடியைக் கூட்டும். ஒருவருக்கு நன்மையானது மற்றவர்க்கும் நன்மையாகும் என்பதில்லை.

இப்பழக்கங்கள் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. ஸ்டீரோயிட் களிம்பை வைத்தியர் சொல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். ஸ்டீரோயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் கொழுந்துவிட்டெரியக்கூடும். செதிலோடு விரல் மூட்டுகளும் காலையில் விறைத்து வலித்தால் தாமதியாது வைத்தியரிடம் கூறுக. இந்நோய் சிலருக்கு மூட்டுகளையும் தாக்கும்.

இத்தனையும் நோயாளி பழகவேண்டியவை. வீட்டாரும் ஊராரும் பழகவேண்டியதும் ஒன்றுண்டு. மருமகளுக்குப் பதினான்கு வயதானபோது, அவளைத் தனி வாங்கில் இருத்துமாறு சில பெற்றோர் அவள் படித்த பாடசாலையிற் கேட்டனர். பிள்ளை மூன்று வாரம் பள்ளி செல்லவில்லை. அந்த மூன்று வாரமும் எக்களிம்பும் பயன் தரவில்லை. கவலை கடியைக் கூட்ட, கடி உறக்கத்தைக் கெடுத்தது. பின்னர் அவளுடைய விஞ்ஞான ஆசிரியை தோலைப் பற்றி வகுப்பில் ஒரு பாடம் நடத்தி, தொற்றாத நோய் இது என எடுத்துரைத்தார். அன்று மாலையே இரு தோழியர் வீடு தேடி வந்தனர். அவள் மீண்டும் பள்ளி சென்றாள், உறக்கமும் வந்தது.

எனக்கும் அத்தகைய துணை வாய்த்தது. ஒரு கலியாண வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டிய கை என் முழங்கையைக் கண்டு பின்வாங்கியதுண்டு. ஆனால் வெள்ளிதோறும் மச்சாள் என்னைத் திண்ணையில் இருத்தி, இளஞ்சூட்டு எண்ணெயைத் தன் விரல்களாலேயே என் தலையில் வைத்து, செதில் இளகியபின் தன் சீப்பினாலேயே மெல்ல வாரிவிடுவாள். அவள் ஒருநாளேனும் கையுறை தேடியதில்லை.

இந்நோய்கள் அடியோடு அகலுவன அல்ல, அடங்கியிருக்கச் செய்யலாம். அதற்கு எண்ணெயும் களிம்பும் வேண்டும். கூசாத ஒரு கையும் வேண்டும். இதை வாசிக்கும் மாணவ மாணவியரே, உங்கள் வகுப்பில் நீண்ட கைச்சட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிள்ளை இருந்தால், நாளைக்கு அப்பிள்ளையின் வாங்கில் போய் அமருங்கள்.