களரியில் ஒரு கேமரா

ஊருக்குள் நுழைந்ததும் அந்த போட்டோக்காரர் முதலில் அண்ணாந்து பார்த்தது விளக்குக் கம்பங்களைத்தான். கோயிலுக்கு எதிரே கூத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, டியூப் லைட், சீரியல் செட், நிறம் மாறும் எல்இடி ஃபோகஸ் என்று கலந்து கட்டியிருந்தார்கள். "சிவப்ப மட்டும் போடாம இருந்தாங்கன்னா போதும்ணா" என்றார் என்னிடம்.

காரணம் அன்றிரவே கண்ணுக்குத் தெரிந்தது. துரியோதனனின் முகத்தில் சிவப்பு அரிதாரம். அதன் மேல் சிவப்பு விளக்கு விழுந்தால் புருவம், மூக்கு, கன்னத்துக் கோடுகள் எல்லாம் கரைந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகிறது. அதே விளக்கில் கிருஷ்ணனின் பச்சை முகம் கறுத்துப்போகிறது. தீவட்டிக்கும் பின்னால் வந்த காஸ் விளக்குக்கும் பழகி நின்ற நிறங்கள் இவை. மஞ்சள் வெளிச்சத்தில் உயிர் பெறும் முகங்களை இன்றைய விளக்கு தின்றுவிடுகிறது.

அவருக்குப் போளூர் பக்கம் ஸ்டுடியோ. கல்யாணமும் காதுகுத்தும் சோறு போடுகின்றன. கூத்துக் காலம் வந்துவிட்டால் ஏதாவது ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பின்னால் வண்டியைக் கட்டிவிடுவார். அத்திமூர் வழியாக மலையேறி, ஜமுனாமரத்தூரில் டீ குடித்துவிட்டு, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் பாதையில் இந்த ஊருக்கு வந்திருந்தோம். மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர். ஜமா கீழ்நாட்டிலிருந்து வேனில் வந்திருந்தது. வேன் கூரையில் பெட்டிகள், உள்ளே தூங்கி வழியும் ஆட்கள். நேற்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர், பகல் முழுக்கத் தூக்கமும் பயணமும். சுற்றுப்பயணம் போகும் ராக் பேண்டுகளின் வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான்.

வெளிநாட்டுப் பெரிய கச்சேரிகளில் போட்டோக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: முதல் மூன்று பாட்டு வரை எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது, பிறகு மேடைக்கு முன்னாலிருந்து வெளியேறிவிட வேண்டும். அமெரிக்காவின் ஜிம் மார்ஷல் இப்படிப்பட்ட வேலிகளுக்குள் நிற்க மறுத்தவர். 1967-இல் மான்டரேயில் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும், 1969-இல் சான் க்வென்டின் சிறையில் ஜானி கேஷையும் அவர் எடுத்த படங்கள், கலைஞர்களோடு கூடவே இருந்ததால் கிடைத்தவை. இங்கே பாஸும் கிடையாது, மூன்று பாட்டுக் கணக்கும் கிடையாது. ஆனாலும் அனுமதி வேண்டும். அது வேஷம் கட்டும் கொட்டகையில் கிடைக்கிறது.

கொட்டகைக்குள் கேமராவை வெளியே எடுக்காமல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருவர் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையைத் தோளில் வைத்து, கயிறு இழுத்துக் கட்டச் சொன்னார். போட்டோக்காரரே எழுந்து போய்க் கட்டிவிட்டார். மூலையில் மிருதங்கக்காரர் ரவையை நீர் விட்டுப் பிசைந்து இடந்தலையில் அப்பி, தட்டி, காது கொடுத்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டினார். சரியான சத்தம் வந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது பாருங்கள், அப்போதுதான் முதல் கிளிக். "எடுக்கறது எடு தம்பி. ஆட்டத்துல மட்டும் மூஞ்சிக்கு நேரா ஃப்ளாஷ் அடிக்காத. அடவு தப்பிடும்" என்றார் ஜமாவை நடத்தும் வாத்தியார். அவ்வளவுதான் நிபந்தனை.

இரவு பத்துக்கு மேல் களரி கட்டினார்கள். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து ஊரை எழுப்பும் இசை அது. போர்வை போர்த்திய கூட்டம் நாலாபக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்தது.

அதன்பின் நான் கூத்தைக் கொஞ்சமும், அவருடைய வலது ஆள்காட்டி விரலை நிறையவும் பார்த்தேன். அவர் வைத்திருந்தது 50 எம்எம் லென்ஸ், துவாரம் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 6400. ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கிலேயே நிறுத்தியிருந்தார். நம் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் இருட்டுப் பட்டைகளாக விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். சபாக் கச்சேரியில் கிளிக் சத்தம் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். இங்கே மிருதங்கமே அதை விழுங்கிவிடும் என்பதால் தைரியமாகப் பழைய ஷட்டரையே ஓட்டினார்.

ஆனால் நூறில் ஒரு பங்கு நொடியில், கிறிக்கி அடித்துச் சுழலும் வேஷக்காரர் வெறும் வண்ணக் கலங்கலாகத்தான் பதிவார். இதற்கு கேமராவில் வழி இல்லை, காதில் இருக்கிறது. மிருதங்கம் தீர்மானம் வைத்து முடிக்கும் இடத்தில் ஆடுகிறவர் ஒரு கணம் நிற்பார். கிரீடம் நிற்கும், பாவாடை மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் கணம் வருகிறது என்பதைக் கண் சொல்வதற்குள் முடிந்துவிடும். தாளத்தைக் கூடவே எண்ணிக்கொண்டிருக்கிறவர்தான் முன்கூட்டியே அழுத்த முடியும். அவர் உதடு தாளத்தோடு அசைந்துகொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அவிநாஷ் பஸ்ரிச்சாவும் ரகு ராயும் எடுத்த இசைக்கலைஞர்கள் படங்களில் ராகம் கேட்கிறது என்று சொல்வோமே, அதன் அடியில் இருப்பதும் இந்தக் கேள்வி ஞானம்தான் என்று நம்புகிறேன்.

இந்த மலையின் இன்னொரு பக்கம் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திர வெளிச்சத்தைச் சேகரித்துக்கொண்டிருக்கிறது. இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த மலை இது. ஃபோகஸ் விளக்கு எட்டாத பின்பெஞ்சில் அந்த இருட்டுதான் இருந்தது, அதில் வாத்தியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

என் மனத்தை உறுத்துவது இதுதான். கூத்துப் படம் என்று நம் பத்திரிகைகளில், காலண்டர்களில், சுற்றுலாச் சுவரொட்டிகளில் வருவதெல்லாம் கிரீடமும் புஜக்கட்டையும். விடிய விடிய அந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிற நான்கைந்து பேர் படத்தின் ஓரத்தில் மங்கலாக வெட்டுப்பட்டுக் கிடப்பார்கள். ஜமுனாமரத்தூர் கோடை விழா போன்ற மேடைகளில் வெளிச்சம் தாராளமாக உண்டு, நேரம்தான் குறைவு. வேஷங்கள் வந்து ஆடி இறங்குவதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்காரர் படியில் நிற்பார். இசைக்காரரைப் படம் பிடிக்க முழு இரவு வேண்டும். நம் போட்டோக்காரர் இரண்டு மணிக்கு மேல் பெஞ்சுக்குப் பின்னால் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மூன்று மணிக் குளிரில், கண் சொருகினாலும் கை தவறாத மிருதங்கக்காரரை எடுத்தார். பாட்டெடுக்கும் முன் ஆர்மோனியக்காரர் தொண்டையைச் செருமி நிமிர்ந்ததை எடுத்தார். இது கூத்தைப் பற்றிய உண்மையான பதிவு என்று நான் சொல்வேன்.

படங்கள் அவருடைய கம்ப்யூட்டரில் தூங்குவதில்லை. ஜமாவுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் போகும். அதைக் காட்டித்தான் அடுத்த ஊர்க்காரர்களிடம் தேதி பேசுகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிய மனு எழுதும்போதும் சிலருக்கு இவர் எடுத்த படம் உதவியிருக்கிறது. தவிர, ஆளுக்கொரு பிரின்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி அடுத்த கூத்தில் கையில் கொடுத்துவிடுவார்.

அப்படிக் கொடுத்த ஒரு படத்தை அன்று காலை முகவீணைக்காரர் நெடுநேரம் பார்த்தார். கன்னம் இரண்டும் புடைத்து, நெற்றி நரம்பு தெரிய, அருமையான படம்.

"மூஞ்சி நல்லா வந்துக்குது. வெரல் எங்க?" என்றார்.

மைக் கம்பி மறைத்திருந்தது. "நான் ஊதறது வெரல்லதாம்பா இருக்குது. பொறத்தால வந்து உக்காந்தியே, அங்கருந்து கொஞ்சம் எடப்பக்கம் தள்ளி உக்காரு. மைக்கு மறைக்காது. மேல்வெரல் மூணும் தெரியும்."

போட்டோக்காரர் பெஞ்சின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து, வாத்தியத்தைக் கையில் பிடிக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "மைக்க கொஞ்சம் எறக்கிக் கட்டச் சொல்லணும்ணா" என்றார். அடுத்த கூத்து எந்த ஊர், அங்கே மைக் செட் யாருடையது என்று இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.