தூக்கிய கைகள்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. வேங்கிக்காலில் தேங்காய் பறிக்க ஏறிய ஓர் இளைஞர் மரத்தினின்று வீழ்ந்தார். அவ்வழியே சென்றுகொண்டிருந்த நாமும் ஓடினோம். ஒருவர் தோளைப் பற்ற, மற்றொருவர் கால்களைப் பற்ற, நாம் இடுப்பிற்குக் கைகொடுத்துத் தூக்கினோம். உடல் நடுவே தொய்ந்தது. ஆட்டோவில் உட்கார வைத்தே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நல்லது செய்தோம் என்னும் நிறைவோடு அன்றிரவு செபித்து உறங்கினோம்.

அவர் பிழைத்தார். ஆனால் இடுப்பிற்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. தூக்கிய விதத்தைக் கேட்டறிந்த மருத்துவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "விழுந்தபோதே தண்டுவடம் நசுங்கியிருக்கலாம், சாமி, தூக்கியபோது இன்னும் நசுங்கியிருக்கலாம். இனி அதைப் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். அச்சொல் இன்றும் நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கிறது.

மூளையினின்று முதுகெலும்பின் ஊடே இறங்கும் நரம்புக் கற்றையே தண்டுவடம். சுண்டுவிரல் பருமனே உடையது. எலும்பு முறிந்தும் அது தப்பியிருக்கக்கூடும். முறிந்த எலும்பு நம் கைபட்டு அசைந்தால் அதனை நசுக்கிவிடவும் கூடும். ஆகவே உயரத்தினின்று வீழ்ந்தவரையும் சாலை விபத்தில் சிக்கியவரையும், தீ போன்ற ஆபத்து நெருங்கினாலன்றி அசைக்கலாகாது. 108-ஐ அழைத்துவிட்டு, தலை திரும்பாதபடி இருபுறமும் பிடித்திருத்தல் வேண்டும். தூக்கியே ஆகவேண்டுமெனில், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நால்வர் ஐவர் சேர்ந்து பலகையில் ஏற்றுதல் வேண்டும். முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்த நற்செய்திப் பகுதிக்கு எத்தனையோ முறை மறையுரை ஆற்றியுள்ளோம். அவர்கள் அவரைப் படுக்கையோடு சுமந்தனர் என்பதை நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

வீழ்ச்சி ஒன்றே காரணமன்று. வாரக்கணக்கில் நீங்காத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், பின்னர் கால் தளர்ச்சி எனில், அது முதுகெலும்பைப் பற்றிய காசநோயாக இருக்கலாம். காலத்தே மருந்துண்டால் பலர் எழுந்து நடக்கின்றனர். பாதத்தில் தொடங்கிய தளர்ச்சி சில நாள்களில் மேலேறினால், அது மூச்சுத் தசைகளையும் தொடக்கூடும். தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடிக்கடி விழுந்து, தொடையில் கையூன்றி எழும் சிறுவனைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்கிறோம். அது தசைச்சிதைவு நோயின் அறிகுறியாக இருக்கலாம். முற்றிலும் குணமாகாவிடினும், மருந்தும் உடற்பயிற்சியும் அவன் நடக்கும் ஆண்டுகளை நீட்டும்.

அவ்விளைஞரைக் காணச் செல்லும்போதெல்லாம் நமக்குச் சொல் எழவில்லை. ஒருநாள் டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றைக் கூறினோம். நம் ஊர் வழியே செல்லும் சாலையில் வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவ்விளம் மருத்துவர், 1954-இல் நிகழ்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் தண்டுவடப் பாதிப்புற்றோர் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். நிலையம் இன்றும் பணியாற்றுகிறது.

இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் கூறவில்லை. பின்னர் பயிற்சிக்குச் சென்றார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைப் புரட்டிப் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கவும், சிறுநீரைத் தூய்மையாக வெளியேற்றவும், சக்கர நாற்காலிக்குத் தாமே மாறவும் கற்றுத் திரும்பினார்.

நம் குற்றத்தை அவரிடம் வாய்விட்டுக் கூறியபோது, "தெரியாமத்தானே தூக்கினீங்க, சாமி. தெரிஞ்சதை இனி நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றார்.

அவ்வாறே இப்போது ஆண்டுக்கு இருமுறை, ஞாயிறு திருப்பலிக்குப் பின், கோவில் முற்றத்தில் ஒரு பலகையை வைத்து, விழுந்தவரைத் தூக்கும் முறையை இளைஞர்களுக்குக் காட்டுகிறோம். அவர் சக்கர நாற்காலியில் வந்து அருகே இருப்பார். நம் கைகள் அவசரப்படும்போது, "மெல்ல, சாமி, மெல்ல" என்பார்.