எழுத்தைக் காக்கும் பணி

கிள்ளானில் ஓர் ஆசிரியர் இரவெல்லாம் விழித்து வினாத்தாள் தட்டச்சிடுவார். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் அதனைத் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் நிற்கும். தமிழ் மென்பொருள்கள் தத்தமக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்த காலத்தில் பலரும் பட்ட துயரம் இது. எழுதியவர்மேல் பிழையில்லை, எழுத்தைச் சுமந்த கருவிகளே ஒன்றையொன்று அறியாதிருந்தன.

இக்குறை நீங்க உழைத்தவருள் மலேசியாவின் முத்து நெடுமாறன் குறிப்பிடத் தக்கவர். 1985ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. 2005இல் செல்லினமாகக் கைப்பேசியிலும் புகுந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்குப் பொதுவான குறியீட்டிடம் தந்தது. எனினும், இடம் கிடைத்த அளவில் பணி முடிந்துவிடவில்லை.

'கொ' என்னும் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்கிறது. கணினியின் நினைவகத்திலோ ககரமே முந்துகிறது. கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பின்தொடரலாம். இரு குறிகளாகவும் தொடரலாம். இரண்டையும் ஒன்றெனக் கருவி கொள்ளல் வேண்டும். தவறினால் கொம்பு தனித்து, புள்ளி வட்டமொன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும். 'ஸ்ரீ' இன்னும் நுட்பமானது. 2005இல் 'ஶ' ஒருங்குறியில் சேர்ந்தபின் அதனை இரு வழிகளில் எழுத இயலும். தோற்றம் ஒன்றே, ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம்.

விண்டோஸ், மெக்கிண்டாஷ், ஆண்டிராய்டு என ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படுந்தோறும் இவற்றையெல்லாம் மீண்டும் சோதித்தாக வேண்டும். ஓரிடத்திற் செய்த திருத்தம் வேறோரிடத்தைக் கெடுத்ததா, முன்பு தீர்த்த பிழை திரும்பியதா எனப் பார்த்தல் வேண்டும். பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் பொறுமையே இங்கும் வேண்டப்படுகிறது.

இவ்வுழைப்பைப் பாராட்டுவார் அரியர். எழுத்துச் சரியாக வரும்போது எவரும் அதனைக் கவனிப்பதில்லை. தவறும்போதே கருவியை நோகிறோம். ஏடு பெயர்த்தெழுதுவார் இல்லாமையால் அழிந்த நூல்கள் பல என்று வகுப்பறையில் வருந்துகிறோம். பழைய குறியீட்டில் எழுதிய கட்டுரைகளும் கடிதங்களும் மாற்றுவாரின்றி நம் வீட்டு வட்டுகளில் உறங்கிக் கிடக்கின்றன. கரையான் அரிப்பதை அன்று கண்ணாற் கண்டனர். இவ்வழிவுக்கோ ஓசையுமில்லை, தூசியுமில்லை. மாணவர் தம் வீட்டிலுள்ள ஒரு வட்டையேனும் இன்றே திறந்து பார்த்தல் நன்று.