நூற்றைம்பதில் நூற்றுப்பத்து

சிம்மக்கல், மதுரை

அன்பு மாப்ளே,

அடுத்த மாதம் நீ குடும்பத்தோடு ராமேஸ்வரம் கொண்டுபோகப்போகிற கேரவன் இப்போது சிம்மக்கல்லில், அத்தை வீட்டுக்குப் பின்னால் உள்ள லாரி செட்டில் நிற்கிறது. ரவுண்டானா நெரிசலில் அதைத் திருப்பி உள்ளே விடுவதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிட்டது.

வாகமண்ணில் ஏறி, குமுளி மலை இறங்கி, கம்பம், தேனி, உசிலம்பட்டி வழியாக வந்தோம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. முதல் கேரவன் பூங்கா அமைந்ததும் வாகமண்ணில்தான். கட்டில், அடுப்பு, குளியலறை என்று வண்டியில் எல்லா வசதியும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் நீ முன்கூட்டியே தெரிந்துகொள்.

குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். ஸ்டிக்கரில் 150 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் கம்பம் தாண்டுவதற்குள் குளியலறைத் தரையில் நுரையோடு தண்ணீர் ஏறிவிட்டது. அப்போதும் சுவரிலிருந்த விளக்கு ‘முக்கால்’ என்றே காட்டியது. சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிய சென்சார் வேறெப்படிக் காட்டும்?

இங்கே வந்ததும் அத்தை ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தண்ணி கேன் இருக்காண்ணே?” என்றார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, வால்வை மூடி, 20 லிட்டர் கேனால் குளியலறைத் துளையில் ஊற்றினோம். ஆறாவது கேன் முடியும்போது துளையில் ‘களக் களக்’ என்று சத்தம் வந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஆக, 120 லிட்டர்.

அப்புறம் டேப் பிடித்தோம். வெளி அளவு 100, 50, 30 செ.மீ. பெருக்கினால் 150 லிட்டர். ஸ்டிக்கர்க் கணக்கு அதுதான். தகட்டின் கனம் எல்லாப் பக்கமும் 6 மி.மீ. அதைக் கழித்தால் உள்ளே கிட்டத்தட்ட 139. காற்றுப்போக்கிக் குழாயை உள்கூரையிலிருந்து 4 செ.மீ. கீழே, பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வாயை மூடியதும் மேலே சிக்கிய காற்று வெளியேற வழியில்லை. பிறகு ஊற்றுவதெல்லாம் குழாயில்தான் ஏறும். ஒரு செ.மீ. உயரத்துக்கு 4.8 லிட்டர் என்றால் அங்கே 19 போச்சு. வால்வைத் திறந்து பிடித்தால் ஐந்தரைக் கேன்தான் திரும்பி வந்தது. வடிகுழாய் அடித்தட்டிலிருந்து 2 செ.மீ. மேலே இருக்கிறது, மிச்சம் 10 லிட்டர் உள்ளேயே தங்கிவிடும். கடைசியில் உனக்குக் கிடைப்பது 110.

பெரியாறு தண்ணீரை நம்பியிருக்கும் நமக்கு இது புதிதா என்ன? முல்லைப்பெரியாறு அணையின் முழு மட்டம் 152 அடி. 142 வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம், 2014-இல். 104 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால், தண்ணீரை நம் பக்கம் கொண்டுவரும் சுரங்கத்துக்கு அது எட்டாது. நடுவே உள்ள 38 அடிதான் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகை அணைக்கும் மதுரைக்கும். எந்தத் தொட்டியானாலும் மேலே எங்கே தடுக்கிறது, கீழே எங்கே தங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ஒரு வாளி 15 லிட்டர் என்றால் குளியலுக்கு 60, சமையலறைக்கு 20. மறுநாள் எல்லோரும் குளித்தால் தொட்டி தாங்காது. தினமும் காலி செய்துவிடு. சாய்வான இடத்தில் நிறுத்தினால் இந்தக் கணக்கு செல்லாது. விளக்கை நம்பாமல், தண்ணீர் ஏற்றும்போதே கேன் கணக்கில் குறித்துக்கொள்.

கழிவறைத் தொட்டி தனி. கிளம்புமுன் அதையும் இதேபோல் அளந்துவிடு. அதைக் காலி செய்ய 14420-க்குப் போன் போட்டு, உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழை. “வைகைப் பக்கம் ஓரமா திறந்துவிடுங்க” என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் மச்சான்